ரீகால் வேலை முடிந்தும் கீழிருந்து சத்தம் வருகிறதா? கேள்வி பதில்

தயாரிப்பில் நேர்ந்த குறையைச் சரிசெய்ய நிறுவனமே காரைத் திரும்ப அழைத்து, கட்டணம் வாங்காமல் வேலை செய்துகொடுப்பதை ரீகால் என்கிறோம். அப்படிச் சஸ்பென்ஷனில், அதாவது சக்கரங்களைக் காரோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பில், வேலை நடந்து முடிந்த பிறகு, முன்பு இல்லாத சத்தம் கேட்கிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 22 ஆண்டுகளாகச் சஸ்பென்ஷன் வேலையே பார்த்து வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவற்றை இங்கே பதிலாகத் தருகிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): ரீகாலில் முன்பக்க லோயர் ஆர்ம் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்திலேயே வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் கட்டில் முனகுவதைப் போல 'கிரீச்' என்கிறது. புத்தம் புதிய பாகம் எப்படி ஐயா சத்தம் போடும்?

பெரும்பாலும் குறை பாகத்தில் இருக்காது. அதை முடுக்கிய விதத்தில்தான் இருக்கும். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு கீழ்ப்பக்கத்தில் இணைக்கும் உலோகக் கை. அதன் உள்முனையில் புஷ் எனப்படும் ரப்பர் உருளை இருக்கிறது. அதன் நடுவில் உள்ள இரும்புக் குழாயைப் போல்ட் இறுகப் பிடித்துக்கொள்ள, சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. கார் லிஃப்டில் இருக்கும்போது சக்கரங்கள் தொங்குவதால், ஆர்மும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுமையாக முடுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ஆர்ம் மேலே வர, ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே நின்றுவிடுகிறது. சும்மா நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட அது இழுபட்டுக்கொண்டுதான் இருக்கும். முதலில் சத்தம் வரும், பிறகு கிழியும்.

போல்ட்டைக் கையால் முடியும் அளவுக்கு மட்டும் முடுக்கி வைத்துவிட்டு, சக்கரத்தின் மீது காரின் எடை விழும்படி இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விட்டு, அதன் பிறகே, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட அளவுக்கு முடுக்க வேண்டும் என்பதே சரியான முறை. இதற்குக் குழி உள்ள இடமோ, சக்கரங்கள் பலகையில் நிற்கும் வகை லிஃப்டோ தேவை. ஒரே நாளில் பல கார்களை முடிக்க வேண்டிய நெருக்கடியில் இந்தக் கடைசிப் படிதான் விட்டுப்போகிறது. சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு காரில், ஆர்ம் மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. போல்ட் தலையில் முடுக்கிய பிறகு வைக்கும் மஞ்சள் பெயிண்ட் குறி அழியாமல் இருந்தது, ஆனால் புஷ்ஷில் என் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. உங்கள் காரில் ரப்பர் இன்னும் கிழியவில்லை என்றால், போல்ட்டைத் தளர்த்தி, எடை விழும் நிலையில் மறுபடி முடுக்கினாலே சத்தம் நின்றுவிடும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய போல்ட் என்று அந்த மாடலின் சர்வீஸ் கையேடு சொன்னால், புதிய போல்ட்டைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை): கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போனால் 'டக் டக்' என்கிறது. வேகமாகப் போனால் கேட்பதில்லை. ரீகாலுக்கு முன் இது இல்லவே இல்லை.

முதல் வேலையாக நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் முடுக்கிப் பாருங்கள். ரீகாலுக்காகச் சக்கரம் கழற்றப்பட்டிருக்கும். நட்டு சரியாக இறுகாமல் இருந்தாலும் இதே சத்தம் வரும், அது உயிரோடு விளையாடும் விஷயம்.

நட்டுகள் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க். வளைவில் கார் அதிகம் சாயாமல் தடுக்கும் கம்பியைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு தண்டு இது. ஆர்மைக் கழற்ற வழி வேண்டும் என்பதற்காகப் பல மாடல்களில் இந்த லிங்கையும் கழற்றுவார்கள். திரும்ப மாட்டும்போது அதன் உருண்டை முனை நட்டோடு சேர்ந்து சுற்றும். சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு முடுக்காவிட்டால், இறுகியது போலத் தோன்றி இறுகாமல் நிற்கும். கார் தரையில் நிற்கும்போது லிங்கைக் கையால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைக் காரைப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் கைக்கே தெரியும்.

கேள்வி (நாகர்கோவில்): நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டங்' என்று கம்பி அதிர்வது போல ஒரு சத்தம் வருகிறது.

ஸ்டீயரிங் திரும்பும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்ப வேண்டும். ஸ்பிரிங்கின் மேல்முனையைச் சுழலவிடும் மவுண்ட் பேரிங் இறுகிக்கொண்டாலோ, ஸ்பிரிங்கின் முனை அதற்குரிய பள்ளத்தில் உட்காமல் மாறி உட்கார்ந்திருந்தாலோ, ஸ்பிரிங் முறுக்கை ஏற்றிக்கொண்டே போய் ஒரேயடியாக விடுவித்துக்கொள்ளும். அந்த விடுதலைதான் 'டங்'. பழகிய மெக்கானிக் ஒருவர் ஸ்பிரிங்கின் மீது கையை வைத்துக்கொண்டு, மற்றொருவர் மெதுவாகத் திருப்பினால், சத்தம் வரும் கணத்தில் கம்பி துள்ளுவதை உணரலாம். உங்கள் ரீகாலில் ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகத்தை, கழற்றினார்களா என்பதை ஜாப் கார்டில் (செய்த வேலைகளை சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் தாள்) பாருங்கள். கழற்றியிருந்தால் காரணம் அங்கேதான் இருக்க வேண்டும்.

கேள்வி (திருவாரூர்): ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தும்போது மட்டும் 'கட கட' என்கிறது.

இது, எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் வெளி இணைப்பு. ஆர்மை விடுவிக்கச் சக்கரப் பகுதியை வெளியே இழுக்கும்போது ரப்பர் உறை கிழிந்திருக்கக்கூடும். சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். தெறித்திருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி (சேலம்): பக்கத்துப் பட்டறையில் புஷ்களின் மீது பழைய எஞ்சின் ஆயிலை அடித்தார்கள். சத்தம் போய்விட்டது. போதுமா?

போதாது என்பதோடு, கெடுதலும் கூட. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த வகை ரப்பர் ஊதி மென்மையாகி உதிரத் தொடங்கும். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீரை மட்டும் பீச்சிவிட்டுக் காரை ஆட்டிப் பாருங்கள்; எதை நனைத்தபோது முனகல் நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. இப்போது ஆயில் பட்ட புஷ்களைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கேள்வி (திருச்சி): சத்தத்தோடு சென்னைக்குப் போய்வரலாமா? சரியாகத்தான் ஓடுகிறது.

ரப்பர் முனகல் மட்டும் என்றால் போகலாம். ஆனால் பிரேக் பிடிக்கும்போதோ, நின்ற வண்டி கிளம்பும்போதோ ஒரே ஒரு கனத்த அடி 'டொம்' என்று கேட்டாலோ, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, காரை நிறுத்திவிடுங்கள். ஆர்மின் போல்ட்டோ, ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டின் போல்ட்டோ தளர்ந்திருந்தால் இப்படி நிகழும். பால் ஜாயிண்ட் விடுபட்டால் சக்கரம் மடிந்து சாய்ந்துவிடும். ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒன்றும் செய்ய முடியாது. ரீகாலே இந்தப் பகுதியின் முக்கியத்துவத்தால்தான் வருகிறது. 2018-இல் ஃபோர்டு நிறுவனம் தன் சென்னை ஆலையில் தயாரான ஈகோஸ்போர்ட் கார்கள் சிலவற்றை அழைத்து, முன்பக்க லோயர் ஆர்மின் வெல்டிங்கைச் சோதித்தது நினைவிருக்கலாம். அப்படி ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டிய இடத்தில் புதிதாக எழும் கனத்த சத்தத்தை, 'பழகிவிடும்' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

கேள்வி (வேலூர்): சர்வீஸ் சென்டரில் 'இந்த மாடலில் இது இயல்புதான்' என்று அனுப்பிவிடுகிறார்கள். என்ன செய்வது?

'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொன்னால் அவர்களும் தேட முடியாது. எந்த வேகத்தில், எந்தப் பக்கம், காலையில் முதல் ஓட்டத்திலா சூடான பிறகா, திருப்பும்போதா பள்ளத்திலா என்பதை ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். சர்வீஸ் அட்வைசரை மட்டுமல்லாமல், வேலை செய்த டெக்னீஷியனையும் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும் சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். அதே மாடலில் இன்னொரு காரை அதே சாலையில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். இயல்பு என்றால் அதிலும் கேட்க வேண்டும் அல்லவா? சஸ்பென்ஷனைக் கழற்றியிருப்பதால், வீல் அலைன்மென்ட் பார்த்த அச்சுத்தாளையும் கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ரீகால் வேலையின் ஜாப் கார்டு நகலோடு எழுதுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரீகால் என்பது நிறுவனம் காட்டும் சலுகை என்று எண்ணித் தயங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது.

கேள்வி (ஈரோடு): பழைய கார் வாங்கியிருக்கிறேன். முந்தைய உரிமையாளர் ரீகால் வேலையை முடித்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்சியில் உள்ள 17 இலக்கச் சேஸி எண்ணை, நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகால் பகுதி இருந்தால் அதில் கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் எந்த சர்வீஸ் சென்டரிலும் அந்த எண்ணைச் சொல்லி விசாரிக்கலாம். ரீகால் வாகனத்தைச் சார்ந்தது, முதலில் வாங்கியவரைச் சார்ந்ததல்ல. வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது என்று பதில் வந்தால், அந்த ஜாப் கார்டின் நகலைக் கேட்டு வாங்கி, முதல் கேள்விக்குச் சொன்ன புஷ்களை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.