அசடு வழியாத அசடு

கேள்வி: சென்ற இதழ்த் தலையங்கத்தில், வெள்ளம் புகுந்த தெருவைப் பார்வையிட வந்த அலுவலரின் பேச்சை ‘ஃபேச்சுவஸ்’ (fatuous) என்று எழுதியிருந்தீர்கள். அகராதியைப் புரட்டினேன்; ‘முட்டாள்தனமான’ என்றுதான் போட்டிருக்கிறது. அதைத் தமிழிலேயே எழுதினால் குடியா முழுகிவிடும்? ‘ஃபேட்’ (fat) என்பதிலிருந்து பிறந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும். ‘கொழுப்பெடுத்த பேச்சு’ என்றாவது எழுதியிருக்கலாமே? ஆங்கிலப் புலமையைக் காட்டத் தலையங்கம்தானா கிடைத்தது?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பொருள் சொல்லாமல் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தலையங்கத்தில் செருகியது என் பிழை, அதற்காக நீங்கள் வைத்த குட்டை வாங்கிக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் ஏற்பதற்கில்லை. கொழுப்பைக் குறிக்கும் ‘ஃபேட்’ ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல். ‘ஃபேச்சுவஸ்’ லத்தீனின் ‘ஃபாட்டூஸ்’ வழியாக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. எழுத்து ஒத்திருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவு கிடையாது. போதாக்குறைக்கு, கொழுப்பெடுத்தவன் எதிரில் நிற்பவரைச் சீண்ட வேண்டும் என்று தெரிந்தே பேசுகிறவன். நம் அலுவலருக்கு அந்த நோக்கம் துளியும் இல்லை.

அன்று நடந்தது இதுதான். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வீட்டுச் சாமான்களைக் கட்டிலின்மேல் ஏற்றிவிட்டு நின்றுகொண்டிருந்த பெண்கள், வடிகால் எப்போது தூர் வாரப்படும் என்று கேட்டார்கள். ஒரு கடையின் உயரமான படியில், செருப்பு நனையாமல் நின்றிருந்த அவர், “மழை நின்னா தண்ணி தானா வடிஞ்சிடும்மா” என்றார். சொல்லிவிட்டு, ஏதோ நல்ல யோசனை வழங்கியவரைப் போல இடப்பக்கம் ஒருமுறையும் வலப்பக்கம் ஒருமுறையும் பார்த்துப் புன்னகை செய்தார். அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? மழை நின்றால் தண்ணீர் என்றைக்காவது வடியத்தான் செய்யும். உண்மையைச் சொன்னவரை எந்தக் கணக்கில் முட்டாள் என்பது? ஆனால் அந்த இடத்தில் அந்த உண்மை ஒரு காசுக்குப் பெறாது என்பது அவரைத் தவிர அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்தது. அவருக்கோ கேள்விக்கு முழுப் பதிலும் சொல்லி முடித்த நிறைவு. அந்த வெறுமையும் அந்த நிறைவும் சேர்ந்தால்தான் ‘ஃபேச்சுவஸ்’. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அறிவின்மையோடு தன்னிறைவையும் இதன் பொருளில் சேர்த்திருக்கிறது. நீங்கள் புரட்டிய அகராதி முதல் பாதியைக் கொடுத்துவிட்டு மறு பாதியை விழுங்கிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் இந்த அடைமொழி சிரிப்போடு சேர்ந்து வரும்போது ‘அசட்டுச் சிரிப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். இது உங்கள் ‘முட்டாள்தன’த்தைவிடப் பெரிய தவறு. ஒருவர் எப்போது அசடு வழிகிறார்? குட்டு உடைந்து, பிறர் அதைக் கவனித்துவிட்டார்கள் என்று தெரிந்து, எங்கே பார்ப்பது என்று புரியாமல் விழிக்கும்போது. அதாவது, தன் தவறு தனக்கே தெரிந்துவிட்டதற்கு அடையாளம் அது. ‘ஃபேச்சுவஸ்’ சிரிப்பில் இல்லாமற்போவது அந்த ஒன்றுதான். படியில் நின்ற அலுவலர் ஒரு கணமேனும் அசடு வழிந்திருந்தால் நான் அந்தச் சொல்லைத் தேடிப் போயிருக்கவே மாட்டேன்.

லத்தீனில் ‘ஃபாட்டூஸ்’ என்றால் மூடன் என்பது மட்டுமல்ல, சுவையற்றது என்றும் பொருள். முதல் நூற்றாண்டு ரோமக் கவிஞர் மார்ஷியல், உழைப்பாளிகளின் மதிய உணவான பீட் கீரைக்கு இந்த அடைமொழியைத்தான் கொடுக்கிறார்; அதற்குச் சுவை ஏற்றச் சமையற்காரன் எத்தனை முறை மதுவும் மிளகும் கேட்பானோ என்று கேலி செய்கிறார். சுவைத்தல், அறிந்திருத்தல் இரண்டையும் குறிக்க லத்தீனுக்கு ‘சாப்பேரே’ என்ற ஒரே வினை. நம் இனத்துக்கு வைத்த ‘சேப்பியன்ஸ்’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஆகவே அறிவில்லாதவனைச் சுவையில்லாதவன் என்று சொல்வது அந்த மொழிக்கு இயல்பு. கிரேக்க மொழிப் புதிய ஏற்பாட்டிலும், ‘உப்பு சாரமற்றுப்போனால்’ என்று நாம் தமிழில் படிக்கும் இடத்தில், மூடமாகிப்போதல் என்னும் பொருள்கொண்ட வினையே நிற்கிறது. இதையெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று நீங்கள் தள்ளிவிட முடியாது. ‘உப்புச் சப்பில்லாத பேச்சு’ என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே.

இச்சொல்லின் உறவுக்காரர் ஒருவர் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும். “அது லவ் இல்லை, வெறும் இன்ஃபேச்சுவேஷன்” என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்வது இதே வேரிலிருந்து வந்த சொல். ஒருவரை மூடராக்கிவிடுவது என்பது அதன் முதற்பொருள். சதுப்பு நிலத்தில் இரவில் மினுங்கி வழிப்போக்கரைத் திசைதப்ப வைத்த வெளிச்சத்தை லத்தீனில் எழுதியவர்கள் ‘இக்னிஸ் ஃபாட்டூஸ்’, அதாவது மூட நெருப்பு, என்றார்கள். நம் ஊரில் அதற்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர். பெயர் வைப்பதில் நாம் ஒருபடி மேல் என்றே நான் நினைக்கிறேன்.

பேச்சு, சிரிப்பு, வாதம், நம்பிக்கை ஆகியவற்றோடு இச்சொல் பெரும்பாலும் சேர்ந்து வரும். தவறிப்போன கணிப்பையெல்லாம் இப்படிச் சொல்லிவிடவும் கூடாது. 1929 அக்டோபரில் அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர், பங்கு விலைகள் இனி இறங்காத உயர்ந்த மேட்டுநிலத்தை எட்டிவிட்டதாகத் தோன்றுகிறது என்றார். அந்த மாதமே சந்தை சரிந்தது. அவர் தவறினார்தான். ஆனால் கணக்குப் போட்டுச் சொன்னவர். தம் சொத்தையும் அதே சந்தையில் வைத்து இழந்தவர். தம் சொல்லுக்குத் தாமே விலை கொடுத்தவரைப் ‘ஃபேச்சுவஸ்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்ற கேள்விதான் முக்கியமானது. இருக்கிறது. வள்ளுவர் 84ஆம் அதிகாரத்துக்குப் பேதைமை என்றும், அதை அடுத்த 85ஆம் அதிகாரத்துக்குப் புல்லறிவாண்மை என்றும் பெயர் வைத்தார். இரண்டும் ஒன்றே என்றால் பத்துக் குறளை வீணாக்கியிருக்க மாட்டார். புல்லறிவாண்மை என்பதைப் பரிமேலழகர், சிற்றறிவுடையவன் தன்னைப் பேரறிவுடையவனாக மதித்துக்கொண்டு உயர்ந்தோர் சொல்லும் நல்லுரையைக் கொள்ளாமை என்று விளக்குகிறார். அந்த அதிகாரத்தின் நான்காம் குறள் இது:

வெண்மை எனப்படுவ தியாதெனின் ஒண்மை
உடையம்யாம் என்னும் செருக்கு.

அறிவு முதிராமை எது என்று கேட்டால், ‘நாங்கள் அறிவுடையவர்கள்’ என்ற செருக்கே அது என்கிறார். அறிவு குறைவாக இருப்பதைப் பற்றி இந்தக் குறளில் பேச்சே இல்லை. தன்னைப் பற்றிய திருப்திதான் முழுக் குற்றமாகவும் நிற்கிறது. ஆங்கில அகராதிகள் இரண்டு சொல் வைத்துச் சொல்வதைச் செருக்கு என்ற ஒன்றில் அடக்கிவிட்டார்.

பின் ஏன் அச்சொல்லை எழுதவில்லை என்பீர்கள். ‘புல்லறிவாண்மைப் பேச்சு’ என்று எழுதியிருந்தால், இன்று எனக்கு வந்த கடிதத்தைப் போலப் பத்துக் கடிதங்கள் வந்திருக்கும். அவை எனக்குத் தமிழ்ப் புலமையைக் காட்டும் ஆசை என்று சொல்லியிருக்கும். பேச்சுத் தமிழில் தேடினால் மேதாவித்தனம் முதலில் கைக்கு வருகிறது; ஆனால் மேதாவி தன் படிப்பைக் கடைவிரிப்பவன், நம் அலுவலர் எதையும் விரிக்கவில்லை. மிதப்பு என்ற சொல்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தரையில் கால் படாத நிலையையும், அதை உணராத சுகத்தையும் அது ஒருசேரச் சொல்லிவிடுகிறது. முழங்கால் தண்ணீர் நின்ற தெருவில் அதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு.

எனவே தலையங்கத்தின் அந்த வரியை ‘அலுவலரின் மிதப்பான வெற்றுப் பேச்சு’ என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ‘முட்டாள்தனமான பேச்சு’ என்று மட்டும் என்னால் எழுத முடியாது. விசாரித்துப் பார்த்தேன், அவர் வீடு கட்டியிருப்பது ஊரிலேயே மேடான தெருவில்.