கடைசிப் பெயர் யாருடையது?

கேள்வி: என் மகள் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களின் மண்ணில் வளரும் பூஞ்சைகளை ஆராய்கிறாள். அவளுடைய கட்டுரையில் அவள் பெயரை முதலிலும், நெறியாளரான பேராசிரியரின் பெயரைக் கடைசியிலும் அச்சிட்டிருக்கிறார்கள். கணித ஆய்வாளரான மாப்பிள்ளை வெங்கடேசனின் கட்டுரையிலோ மூவரில் அவர் பெயர் கடைசி. பெரியவரைக் கடைசியில் போட்டது மரியாதைக் குறைவு இல்லையா? மாப்பிள்ளையின் பங்கு அவ்வளவுதானா?
— வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் ஒரு வரி கீழே போனால் என்ன நடக்கும் என்று அறிந்த நமக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால் உயிரியலிலும் மருத்துவத்திலும் கடைசி இடம்தான் தலைமை இடம். ஆய்வகத்தை நடத்தி, நிதி பெற்று, வழிகாட்டியவர் அங்கே நிற்பார். மலையேறி மண் எடுத்து வந்து, பூஞ்சையைத் தட்டுகளில் வளர்த்து, முதல் வரைவை எழுதிய உங்கள் மகளைப் போன்றவர் முதலில் நிற்பார். மதிப்புக் குறைவதெல்லாம் நடுவில் சிக்கும் பெயர்களுக்குத்தான்.

கணிதத்தில் பெயர்களைக் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்குவதே பொது வழக்கம். அமெரிக்கக் கணிதக் கழகம் 2004ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றில் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே ‘வி’ எழுத்தில் தொடங்கும் வெங்கடேசன் எவ்வளவு பெரிய தேற்றத்தை நிறுவினாலும் அநேகமாகக் கடைசிதான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உங்கள் சம்பந்தியின் பெயர் அருணாசலம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் குடும்பப் பெயராகக் கொடுத்தால், கூடுதலாக ஒரு வரி எழுதாமலே மாப்பிள்ளை முதலிடத்துக்கு வந்துவிடுவார். ஆனால் கட்டுரைக்குக் கட்டுரை பெயரை மாற்றினால் தரவுத்தளங்கள் அவரை இரண்டு ஆட்களாக எண்ணிவிடும்.

துகள் இயற்பியலிலும் அகரவரிசைதான். ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015இல் வெளியான கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கங்களை அவர்களின் பெயர்களும் நிறுவனங்களுமே எடுத்துக்கொண்டன. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பவர் மற்றவர்களைவிட அதிகம் உழைத்தார் என்று யாரும் கருதுவதில்லை.

உண்மையான சிக்கல் வேலை வாய்ப்பிலும் பதவி உயர்விலும்தான் எழுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, இருவர் எழுதிய கட்டுரைக்கு ஆளுக்கு 70 விழுக்காடு மதிப்பெண் கிடைக்கும். இருவருக்கு மேற்பட்டால் முதல் ஆசிரியருக்கோ முதன்மை ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ (கட்டுரை குறித்து இதழுடனும் வாசகர்களுடனும் தொடர்புகொள்ளும் பொறுப்பில் இருப்பவர்) 70, ஏனையோருக்கு ஆளுக்கு 30. எல்லாத் துறைகளையும் ஒரே படியால் அளக்கும் இந்தக் கணக்கு, அகரவரிசையைப் பின்பற்றும் கணிதக்காரர்களுக்கு நியாயமானதன்று என்பதே என் கருத்து. மூவரும் சம பங்கு உழைத்திருந்தாலும், தொடர்பு ஆசிரியராக இல்லாவிட்டால் மாப்பிள்ளை 30க்குள் அடங்கிவிடக்கூடும். எனவே அடுத்த கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே, தொடர்பு ஆசிரியர் யார் என்பதைக் கூட்டாளிகளுடன் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. விண்ணப்பங்களில் ‘பெயர்கள் அகரவரிசையில் உள்ளன’ என்று ஒரு வரி சேர்க்கவும் சொல்லுங்கள்.