ரோமிலிருந்து ஒரு நாளில் ஓர்வியேட்டோ: முழங்கால் வலி உள்ள மாமியாரை அழைத்துப் போகலாமா?

கேள்வி: "கும்பகோணத்திலிருந்து மே மாதம் ரோம் போகிறோம். நான், கணவர், 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். மலைமேல் இருக்கும் பழைய ஊர் ஒன்றை ஒரு நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப ஆசை. மாமியாருக்கு முழங்கால் வலி. இருவரும் சுத்த சைவம். எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

பதில்:

தாராளமாக அழைத்துப் போங்கள். "பெரியவங்களை ஹோட்டல்ல விட்டுட்டு நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று யோசனை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அத்தனை செலவு செய்து, அத்தனை தூரம் கூட்டிப்போய், அறையில் உட்காரவைக்கவா? நம் டெல்டாக்காரர்களின் கால் சமதரையிலேயே நடந்து பழகிய கால், ஏற்றம் ஒத்துக்கொள்ளாது என்பது உண்மைதான். அதனால் மலை ஊரே ஆகாது என்று அர்த்தமில்லை. ஏற்றத்தை இயந்திரம் ஏறட்டும், இறக்கத்தை நாம் நடப்போம் என்று வைத்துக்கொண்டால் போதும். அப்படிச் செய்ய வசதியான ஊர் எது என்பதுதான் கேள்வி.

ரோமிலிருந்து போவதென்றால் ஓர்வியேட்டோவைத்தான் சொல்வேன். அஸிஸி என்கிற மலை ஊரும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ரயில் நிலையம் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிச் சமவெளியில் இருக்கிறது. பேருந்து பிடித்து மேலே போன பிறகும் ஊருக்குள் தெருவெல்லாம் ஏறி இறங்கும். படங்களில் எல்லோரும் காட்டும் சீவிதா தி பாஞ்ஞோரேஜ்ஜோவுக்கு நீண்ட நடைபாலம் ஒன்றுதான் வழி. அதன் கடைசிப் பகுதி செங்குத்து, வண்டி போகாது. மாமியாருக்கு அது வேண்டவே வேண்டாம். ஓர்வியேட்டோவோ தட்டையான பாறைமேல் உட்கார்ந்திருக்கிற ஊர். மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் சமதரை, மிச்சம் லேசான சரிவு.

ரயில்: ரோமின் பெரிய நிலையமான ரோமா தெர்மினியிலிருந்து ரெஜியோனாலே என்கிற சாதாரண ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். இதற்கு முன்பதிவால் விலை குறையாது, இருக்கை எண்ணும் கிடையாது, அன்றைக்கே எடுக்கலாம். நான்கு வயதுக்குக் கீழே இலவசம், பன்னிரண்டு வயதுக்குக் கீழே பாதிக் கட்டணம் என்பதால் உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் பாதிதான். நம் ஆட்கள் தடுமாறுகிற இடங்கள் மூன்று. முதலாவது, பலகையில் ஓர்வியேட்டோ என்று தேடாதீர்கள். ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் பெரிதாக இருக்கும், பெரும்பாலும் ஃபிரென்ஸே (ஃப்ளாரன்ஸ்). ரயில் எண்ணை வைத்துப் பாருங்கள். இரண்டாவது, பிளாட்பாரம் எண்ணைக் கடைசி நேரத்தில்தான் போடுவார்கள். சில சமயம் அது "1 எஸ்ட்", "2 எஸ்ட்" என்கிற கடைக்கோடிப் பிளாட்பாரமாக இருக்கும், பெரியவர்கள் நடையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அரை மணி முன்னதாகவே போய் நில்லுங்கள். மூன்றாவது, காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் பிளாட்பாரத்து மெஷினில் செருகி முத்திரை வாங்க வேண்டும். போனில் எடுத்ததென்றால் செக்-இன் கொடுக்க வேண்டும். காசு கட்டி வாங்கிய டிக்கெட்டாகவே இருந்தாலும் இதைச் செய்யாவிட்டால் அபராதம்தான், வாதாடிப் பயனில்லை.

இன்னொன்று, வேலைநிறுத்தம். அங்கே அதற்கு "ஷோப்பெரோ" என்று பெயர், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி வரும். அன்றைக்கும் வேலைநாளில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட ரயில்கள் ஓடும். இரண்டு நாள் முன்பே பார்த்து வைத்துக்கொண்டு தேதியை மாற்றிவிடுங்கள். பெரிய பெட்டிகளை ரோமிலேயே விட்டுவிடுங்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே ஃபுனிகோலாரே, அதாவது கயிற்று ரயில். பழனி வின்ச் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே ஏற்பாடு: ஒரு கயிறு, இரண்டு பெட்டி, ஒன்று ஏற ஒன்று இறங்கும், நடுவில் விலகிப் போகும். 1888-இல் போட்டபோது மின்சாரமில்லை. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள், அந்தப் பாரம் இறங்கும்போது கீழ்ப்பெட்டி மேலே வரும். இடையில் பல வருடம் ஓடாமல் கிடந்து, 1990-இலிருந்து மின்சாரத்தில் ஓடுகிறது. சில நிமிடப் பயணம்தான். மேலே பியாத்ஸா காஹேன் சதுக்கத்தில் இறங்கியதும் சிறிய பேருந்து நிற்கும். நடக்க ஆரம்பித்துவிடாதீர்கள். கயிற்று ரயில் டிக்கெட்டிலேயே அந்தப் பேருந்தும் அடக்கம், நேரே கதீட்ரல் வாசலில் இறக்கிவிடும். வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் காம்போ தெல்லா ஃபியேரா வண்டி நிறுத்தத்தில் விடுங்கள், அங்கிருந்து லிஃப்ட்டும் எஸ்கலேட்டரும் மேலே போகும். காரை ஊருக்குள் கொண்டுபோனால் கேமரா படம் பிடிக்கும், அபராதச் சீட்டு பல மாதம் கழித்துக் கும்பகோணத்துக்கே வந்து சேரும்.

காலையில் முதல் வேலை கதீட்ரல். பெரியவர்கள் களைக்காமல் இருக்கிற நேரம் அது. 1290-இல் அடிக்கல் நாட்டியது. பக்கச் சுவர்கள் கறுப்பு பசால்ட்டும் வெளிர் நிற ட்ராவர்டைனும் மாறி மாறி அடுக்கிய வரிகள். கட்டாயம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியது முகப்பின் அடியில் இருக்கிற நான்கு அகலத் தூண்களின் புடைப்புச் சிற்பம். சிற்பியும் கட்டடக் கலைஞருமான லொரென்ஸோ மைத்தானி முன்னின்று செய்வித்த வேலை. இடது ஓரத்தில் படைப்பு: உறங்கும் ஆதாமின் விலாவிலிருந்து ஏவாளை உண்டாக்கும் காட்சி, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. கொடி ஒன்று அடியிலிருந்து கிளைத்து ஏறிக் காட்சிகளைப் பிரித்துக்கொண்டே போகும். வலது ஓரத்தில் இறுதித் தீர்ப்பு: பாவிகளைப் பிசாசுகள் கடித்து இழுக்கிற பகுதியை விட்டுப் பிள்ளைகள் நகர மாட்டார்கள். தாராசுரத்தில் அடி வரிசைச் சிறு சிற்பங்களைக் குனிந்து பார்த்துப் பழகிய உங்கள் மாமனாருக்கு இதைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம், நேரம் மட்டும் கொடுங்கள்.

உள்ளே வலப்பக்கம் சான் பிரீத்ஸியோ சிற்றாலயம். லூக்கா சிஞ்ஞொரெல்லி 1499 முதல் 1504 வரை தீட்டிய சுவரோவியங்கள் அங்கே. செத்தவர்கள் தரையைப் பிளந்துகொண்டு எழுந்து வருகிற சுவரைத் தவறவிடாதீர்கள். சிலர் தசையோடும் சிலர் வெறும் எலும்புக்கூடாகவும் வருகிறார்கள். முடிந்தால் வாட்டிகனில் சிஸ்டைன் சிற்றாலயம் பார்ப்பதற்கு முந்தைய நாள் இதைப் பாருங்கள். அங்கே இருக்கிற மிக்கேலாஞ்சலோவின் இறுதித் தீர்ப்பு ஓவியம் இதற்கு முப்பது வருடத்துக்கும் மேல் பிந்தியது, வரிசையில் பார்த்தால்தான் உறைக்கும். டிக்கெட் எதிரில் இருக்கும் அலுவலகத்தில் கிடைக்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால் புடவைக்கும் வேட்டிக்கும் தடையில்லை. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஞாயிறு காலை பூசை நடக்கும், சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள்.

"கோயிலூர்க்காரர்களுக்குச் சர்ச் எதற்கு" என்று சிலர் கேட்பார்கள் என்று தெரியும். தாராசுரத்துக்கு வெள்ளைக்காரர் வந்து ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் நமக்குப் பெருமை. அதே மரியாதையை நாமும் செய்வோம்.

பாறைக்கு அடியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குகைகள் வெட்டியிருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், சீட்டு கதீட்ரல் சதுக்கத்திலேயே. ஆங்கிலச் சுற்றின் நேரத்தை வந்தவுடன் கேட்டு எழுதிவிடுங்கள். சுவர் முழுக்கப் புறா வளர்த்த மாடங்கள், எண்ணெய்ச் செக்கு, ரோமர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் காலத்து நீள்சதுரக் கிணறு எல்லாம் உண்டு. ஆனால் படி செங்குத்து, வழி குறுகல். மாமியாரும் அவரோடு ஒருவரும் மேலேயே இருக்கட்டும். முகப்புக்கு எதிரில் சுவரோரமாகக் கல் பெஞ்சு இருக்கிறது, ஒரு மணி நேரம் உட்கார நல்ல இடம்.

சாப்பாடு. ஓட்டல் அடுப்பு பன்னிரண்டரை போல எரிய ஆரம்பித்தால் இரண்டரைக்கு அணைந்துவிடும், பிறகு இரவுதான். அந்த ஊர்ப் பாஸ்தா உம்ப்ரிசெல்லி, மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டியது, வழக்கமாக முட்டை கிடையாது. "அல் பொமொதோரோ" என்றால் வெறும் தக்காளிச் சாறு. "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா" (கறி, மீன், முட்டை வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். "சிங்கியாலே" என்று எழுதியிருந்தால் காட்டுப்பன்றி. பார்மிஜியானோ சீஸில் பாலைத் திரிக்க, கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்கிறது, ஆசாரம் பார்ப்பவர்கள் "சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மினெஸ்த்ரோனே சூப்பில் கறித் தண்ணீர் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால் புளிக்காய்ச்சலைக் கையோடு கொண்டுபோய்க் காலையில் கிளறிவிடுங்கள், அதுதான் நிம்மதி. ரிசோட்டோ அரிசி வாங்கினால் குழைந்துவிடும். பையில் "பார்பாய்ல்ட்" என்று போட்ட அரிசி உதிரியாக வரும். சாதத்தை ஆறவிட்டு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கலந்தால் மதியம் வரை தாங்கும். தயிருக்கு "யோகுர்த் பியான்கோ" வாங்கி, சர்க்கரை சேர்க்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கதீட்ரல் படியில் டப்பாவைப் பிரிக்காதீர்கள். கயிற்று ரயில் மேல்நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய கோட்டைத் தோட்டம் இருக்கிறது, கட்டணமில்லை, நிழலும் பெஞ்சும் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊரிலிருந்தே ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலமும் என்று வேன் ஓட்டுகிறார்கள். பாட்டிமார்கள் பிராகாரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் "கெளம்புங்க, நடை சாத்திடும்" என்று விரட்டுகிறார்கள். அந்தப் பழக்கம்தான் ஐரோப்பாவுக்கும் கூடவே வருகிறது, ஒரே நாளில் ஓர்வியேட்டோ, அஸிஸி, கூட ஒன்று என்று. பெரியவர்களை அழைத்துப் போகிறவர் ஒரு நாளைக்கு ஓர் ஊரோடு நிறுத்துங்கள். யார் எத்தனை இடம் பார்த்தார்கள் என்று கணக்குக் கேட்பவர்களுக்காக நாம் பயணம் போகவில்லை.

சாப்பிட்ட பிறகு மறுபடி சதுக்கத்துக்கு வாருங்கள். முகப்பு மேற்குப் பார்த்தது, பிற்பகல் வெயிலில்தான் தங்கப் பின்னணி மொசைக் ஒளிர்கிறது. காலையில் எடுத்த படத்தை அப்போது அழித்துவிடுவீர்கள். பிறகு கோர்ஸோ கவூர் தெருவழியே மெதுவாகக் கீழ்நோக்கி நடந்தால் காலையில் இறங்கிய இடத்துக்கே வந்துவிடலாம், இருபது நிமிடம் போதும். சரிவு லேசானது. கல் பாவிய தெரு தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். ஹவாய் செருப்பு கூடாது, புடவைக்கும் ரப்பர் அடி ஷூதான். மாமியாருக்கு அதுவும் முடியாவிட்டால் அதே சிறு பேருந்து திரும்பவும் வரும்.

கடைசியாக, இந்த ஊரில் டெல்டாக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய சான் பத்ரீத்ஸியோ கிணறு. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளமென்ட் தப்பி இந்தப் பாறைமேல் வந்து ஒதுங்கினார். முற்றுகை வந்தால் ஊர் தண்ணீரில்லாமல் செத்துப்போகும் என்ற பயத்தில் கிணறு வெட்டச் சொன்னார். நமக்கு ஆற்றுப்படுகை மண், பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே நீர் தெரியும். அங்கே மேலே எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் பாறை, அடியில் களிமண். மழைநீர் பாறையில் ஊறி இறங்கிக் களிமண்மேல்தான் தேங்கும். அதைப் பிடிக்க இளைய அந்தோனியோ தா சங்காலோ 53 மீட்டர் ஆழம் இறக்கினார், 1537-இல் முடிந்தது. நடுவில் வட்டக் குழி, அதைச் சுற்றி இரண்டு சுருள் படிக்கட்டு, ஒவ்வொன்றிலும் 248 படி. ஒன்றில் வெறுங்குடத்தோடு இறங்கும் கோவேறு கழுதை அடியில் சிறு பாலத்தைத் தாண்டி மற்றொன்றில் நிறைகுடத்தோடு ஏறும். இரண்டு வரிசையும் எங்கேயும் முட்டிக்கொள்ளாது. குழிப்பக்கம் 70 சன்னல், அதன் வழியே மேல் வெளிச்சம் இறங்குகிறது. நம்ம திருச்சி பக்கம் திருவெள்ளறையில் தந்திவர்ம பல்லவன் காலத்து மாற்பிடுகு பெருங்கிணற்றைப் பார்த்திருந்தால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். அங்கே சுவஸ்திக வடிவில் நான்கு வழி, ஒரு வழியில் இறங்குபவர் இன்னொரு வழியில் இருப்பவருக்குத் தெரிய மாட்டார். ஓர்வியேட்டோவுக்கு எழுநூறு வருடம் முந்தியது. பெருமாளைச் சேவிக்க வருகிற வேன்கள் அதைப் பார்க்காமலே திரும்புவது எனக்கு வருத்தம்.

மாமியார் இறங்கவே கூடாது. படி தாழ்வு, அகலம் என்பதால் இறங்கும்போது சுலபமாகத் தெரியும். பாதியில் மறுபக்கம் தாண்ட வழியில்லை, லிஃப்ட் இல்லை. ஏறி வருவது பதினைந்து மாடி ஏறுவதற்குச் சமம். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்களும் வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளை ஏறும்போது தூக்கச் சொல்லும், யார் தூக்குவது என்று கீழே போகுமுன்பே முடிவு செய்துவிடுங்கள். உள்ளே ஈரமும் குளிரும் உண்டு, மேல்துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இறங்காதவர்கள் கோட்டைத் தோட்டத்தில் இருக்கட்டும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான்.

பொதுக் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. சின்ன பிளாஸ்டிக் சொம்பு ஒன்று பையில் கிடக்கட்டும், சில்லறை யூரோவும் வேண்டும். திரும்பும் ரயிலின் நேரத்தைக் காலையில் இறங்கியதுமே படமெடுத்து வையுங்கள், அதற்கு அரை மணி முன்னால் கயிற்று ரயிலில் இறங்கினால் போதும். சனி, ஞாயிறு மாலையில் ரோம் போகும் வண்டியில் உட்கார இடம் கிடைப்பது கடினம், அதனால் செவ்வாய் அல்லது புதனாகப் பாருங்கள்.