கேள்வி–பதில்: அடக்கி வாசிக்கும் காசநோய்க் கிருமி

கேள்வி: காசநோய்க் கிருமி என்றால் ஒன்றுதானே? பிறகு ஏன் ஒரு ரகத்தைக் கண்டால் நம் எதிர்ப்பு அணுக்கள் (செல்கள்) கொதிக்கின்றன, இன்னொன்றைக் கண்டால் சும்மா இருக்கின்றன?

பதில்: குடும்பம் ஒன்று, கிளைகள் பல. 1, 5, 6-ஆம் கிளைகள் பழையவை. ‘டிபிடி1’ என்ற மரபணுத் துண்டை இழந்துவிட்ட 2, 3, 4 புதியவை. மனித ரத்தத்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களிலிருந்து வளர்த்த மேக்ரோஃபேஜ்களில் (கிருமிகளை விழுங்கும் எதிர்ப்பு அணுக்களில்) விட்டால், பழையவை டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சிச் சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களை, சீக்கிரமே நிறையச் சுரக்க வைக்கின்றன. புதியவை அடக்கி வாசிக்கின்றன. இது சராசரிக் கணக்குதான். ஒரே கிளைக்குள்ளும் ரகத்துக்கு ரகம் மாறும்.

சைட்டோகைன் குறைவு, ஆகவே கிருமி சாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2-ஆம் கிளையான பெய்ஜிங் வகையில் சில ரகங்கள் பீனாலிக் கிளைகோலிப்பிட் என்ற கொழுப்பைத் தயாரித்து அழற்சியை அமுக்குகின்றன. அணு விழித்துக்கொள்ளும் முன் உள்ளே பெருக இடம் கிடைக்கிறது. 4-ஆம் கிளையில் ‘பிகேஎஸ்15/1’ மரபணுவில் 7 டிஎன்ஏ எழுத்துகள் உதிர்ந்துபோனதால் இந்தக் கொழுப்பே கிடையாது. ஆனாலும் அது உலகெங்கும் பரவியிருக்கிறது. ஒரே ஒரு கொழுப்பை வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது.

கேள்வி: ஒரே ரகத்தை மேக்ரோஃபேஜ்களில் விட்டுச் சோதித்தும் ஒவ்வொரு முறையும் வேறு முடிவு வருகிறது. எங்கே தவறு? (ஆய்வு மாணவர்)

பதில்: முதலில் கிருமிக் கட்டிகளைப் பாருங்கள். மெழுகுத் தோல் உள்ள இந்தக் கிருமி கயிறு திரித்தாற்போல ஒட்டிக்கொள்ளும். அணு ஒன்றுக்குக் கிருமி ஒன்று என்று கணக்குப் போட்டு விட்டாலும், கட்டி விழுந்த அணு இருபது முப்பதை விழுங்கிச் செத்துப்போகும். பக்கத்து அணுவுக்கு ஒன்றும் கிடைக்காது. நீங்கள் அளந்தது ரகத்தின் குணத்தை அல்ல, கட்டியின் குணத்தை.

கட்டி பிடிக்காமல் தடுக்கும் சோப்பு போன்ற ட்வீன்-80-ஐ 0.05% சேர்த்து வளர்த்து, வளர்ச்சியின் நடுக்கட்டத்தில் எடுங்கள். ட்வீனைக் கழுவிவிட்டு, கண்ணாடி மணிகளோடு குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் குறைந்த வேகத்தில் சுற்றி, மேலே நிற்கும் கலங்கலை மட்டும் பயன்படுத்துங்கள். அத்தனையும் பயோசேஃப்டி 3-ஆம் நிலை (உயர் பாதுகாப்பு) ஆய்வகத்தில். திரவத்தின் கலங்கலை ஒளியால் அளக்கும் ஒளியடர்த்திக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். அணுக்களில் விட்ட அதே திரவத்தை நீர்த்து, 7எச்10 அகார் என்ற வளர்ப்புத் தட்டில் பரப்பி, 3 வாரம் கழித்துக் காலனிகளை எண்ணுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை.

அடுத்தது ஸ்டாக், அதாவது சேமித்து வைத்திருக்கும் கிருமி. திரும்பத் திரும்ப மறுவளர்ப்புச் செய்தால் பிடிஐஎம் என்ற மேலுறைக் கொழுப்பை இழந்த பிறழ்வுகள் முந்திக்கொள்ளும். குப்பியில் பெயர் அதேதான், உள்ளே இருப்பது வேறு. சிறு குப்பிகளாக −80 டிகிரியில் உறையவைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் குப்பி எடுங்கள். ரத்தம் தந்தவர் மாறினாலும் எண்கள் மாறும். அதனால் ஒப்பிட வேண்டிய ரகங்களை எல்லாம் ஒரே நாளில், ஒரே கொடையாளரின் அணுக்களில் விடுங்கள். பிறகு அடுத்த கொடையாளர்.

கேள்வி: சிறுவயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவருக்கு, காசநோய்த் தொற்றைக் கண்டறியும் இக்ரா ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டுமா?

பதில்: தடுப்பூசியால் காட்டாது. பிசிஜி ரகம் ‘ஆர்டி1’ என்ற மரபணுப் பகுதியை இழந்தது. சோதனைக் குழாயில் இருக்கும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்களை அதனால் தயாரிக்க முடியாது. குழப்புவது தோலில் போடும் பழைய டியூபர்குலின் சோதனைதான். இக்ரா பாசிட்டிவ் என்றால் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் கிருமியை முன்பே சந்தித்திருக்கின்றன என்று பொருள். நோய் இருக்கிறதா என்பதைச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும்தான் சொல்லும்.