படத்தைக் கிழித்துவிடும் மாணவி

வணக்கம். குளச்சலில் சனிக்கிழமைதோறும் நீங்கள் நடத்தும் ஓவியப் பயிற்சியில், பதினான்கு வயது மாணவி ஒருத்தி பிறர் பார்க்குமுன் தன் படத்தைக் கிழித்துவிடுகிறாள் என்றும், "உனக்கு நல்ல திறமை இருக்கிறது" என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தப் பாராட்டை நிறுத்துங்கள். அறிவுத்திறனுக்காகப் புகழப்பட்ட சிறுவர்கள் அடுத்த தோல்வியில் எளிதில் சோர்ந்துவிடுவதையும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயல்வதையும் உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே, "இந்த அலையின் நிழலை மூன்று முறை மாற்றிப் பார்த்திருக்கிறாய்" என்பதுபோல் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள். மாத இறுதிப் பரிசுப் போட்டியையும் கைவிடுங்கள். பிறரோடு ஒப்பிடப்படுவோம் என்ற அச்சமே அவளைக் கிழிக்கத் தூண்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒருநாள் எல்லோரையும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லுங்கள் (திங்கட்கிழமை விடுமுறை). பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் செதுக்கப்பட்டுள்ள பூக்களில் ஆளுக்கொன்றைத் தேர்ந்து பென்சிலால் வரைந்து, திரும்பி வந்ததும் அவற்றை ஒரே பெரிய தாளில் ஒட்டட்டும். தன் பூ இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும் என்பதை அவளே காண்பாள். அவளுடைய சோர்வு படத்தோடு நில்லாமல் உணவு, உறக்கம் என்று பரவினால், காத்திருக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் பேசுங்கள்.