படிகக்கூட்டின் வடிவம் புதிய குவாண்டம் பண்புகளைத் தருமா?

அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் வடிவமே ஒரு பொருளுக்குப் புதிய குவாண்டம் பண்பைத் தருமா என்ற கேள்விக்கு, பெருமளவு தரும் என்பதே என் விடை.

ஜப்பானியக் கூடைப் பின்னலின் பெயர் பெற்ற ககோமே படிகக்கூட்டில் முக்கோணங்கள் மூலையோடு மூலை தொட்டு நிற்கின்றன. அண்டை அணுக்களின் தற்சுழற்சிகள், அதாவது அவற்றைச் சிறு காந்தங்களாக்கும் குவாண்டம் பண்புகள், எதிரெதிர்த் திசைகளை நாடும்போது, இரண்டு மூலைகள் இணங்கினாலும் மூன்றாவது அவ்விரண்டிற்கும் ஒருசேர எதிராக நிற்க இயலாது. இந்த இக்கட்டினால்தான், தாமிர அயனிகள் இவ்வாறு அமைந்த ஹெர்பர்ட்ஸ்மித்தைட் கனிமத்தில், தனிச்சுழி வெப்பநிலைக்கு (இயற்கையின் மிகக் குறைந்த வெப்பநிலை எல்லைக்கு) மேல் ஒரு கெல்வினுக்கும் குறைவான குளிரிலும் காந்த ஒழுங்கு தோன்றுவதில்லை. இது உண்மையான குவாண்டம் சுழற்சித் திரவமா, அதாவது கடுங்குளிரிலும் தற்சுழற்சிகள் ஒழுங்கில் உறையாமல் ஒன்றோடொன்று பிணைந்து மாறிக்கொண்டே இருக்கும் நிலையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை, ஏனெனில் தாமிரம் ககோமே அடுக்குகளுக்கிடையே உள்ள துத்தநாகத்தின் இடத்தில் புகுந்து அளவீடுகளைக் குழப்புகிறது. வனேடியம் அணுக்கள் ககோமேயாக அமைந்த சீசியம்–ஆண்டிமனிச் சேர்மமோ ஏறத்தாழ 2.5 கெல்வினில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிறது.