புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

கேள்வி: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. இடையில் ஒரு திறனறித் தேர்வும் எழுத வேண்டும். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, தேர்வு அறையில் மறந்துவிடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து எப்படித் தயாராவது?

‘படிக்கும்போது எல்லாம் புரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். பத்தாம் வகுப்பில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரையாண்டு அறிவியல் தேர்வில் ஓம் விதியைக் கேட்டிருந்தார்கள். அந்தப் பாடத்தை முந்தைய வாரத்தில் மட்டும் ஐந்து முறை படித்திருந்தேன். பக்கம் அப்படியே கண்முன் நின்றது. இடது ஓரத்தில் மின்சுற்றுப் படம், அதற்குக் கீழே பச்சை மையால் நான் போட்ட அடிக்கோடு. கோட்டின் மேலிருந்த வாக்கியம் மட்டும் வரவே இல்லை. எனக்கு மறதி நோய் என்று அன்று இரவு அம்மாவிடம் அழுதேன்.

மறதி இல்லை அது. நான் அந்த வாக்கியத்தை ஒருமுறைகூட மனதிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை. ஐந்து முறையும் கண்ணால் பார்த்தேன், பார்த்ததும் ‘இது தெரியும்’ என்று தோன்றியது, அடுத்த வரிக்குப் போய்விட்டேன். தெருவில் எதிரே வருபவரின் முகம் தெரிந்தும் பெயர் நாக்கில் வராமல் தவிப்போமே, அந்த நிலைதான். தேர்வில் முகத்தைக் காட்ட மாட்டார்கள், பெயரைத்தான் கேட்பார்கள்.

இதை 2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் சோதித்துக் காட்டினார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். நான்கு தடவை படித்தவர்களிடம் 40 சதவீதம் மிஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். திரும்பத் திரும்பப் படித்தால் அந்த நேரத்துக்கு உண்மையிலேயே நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் அது நம்மை ஏமாற்றிவிடுகிறது.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். ஒரு பகுதியைக் கவனமாக ஒருமுறை படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், வெள்ளைத் தாளில் நினைவுக்கு வந்ததை எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிட்டு, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். ஓம் விதியையே இப்படி எழுதிப் பாருங்கள். மின்னோட்டம் மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும் என்பது எப்படியும் வந்துவிடும். ‘மாறா வெப்பநிலையில்’ என்ற இரண்டு சொற்கள் விட்டுப்போயிருக்கும். நூறு முறை வாசித்தாலும் அந்த இரண்டு சொற்கள் உங்களிடம் இல்லை என்பதை வாசிப்பு காட்டிக்கொடுக்காது, வெள்ளைத் தாள் முதல் முறையிலேயே காட்டிவிடும்.

முதல் வாரம் கடினமாக இருக்கும். ஒரு பக்கம் படித்துவிட்டு நான்கு வரிதான் எழுத வரும். மனம் சோர்ந்து, இதைவிடப் பழையபடி படிப்பதே மேல் என்று தோன்றும். தயவுசெய்து அங்கே விட்டுவிடாதீர்கள். எழுத வராமல் திணறும் அந்த நிமிடங்களில்தான் பாடம் மனதில் இறங்குகிறது.

அடுத்தது இடைவெளி. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்கவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. பொருளுள்ள பாடம் அவ்வளவு வேகமாக மறக்காது, ஆனால் சரிவின் வடிவம் அதேதான்: முதலில் மளமளவென்று, பிறகு மெதுவாக. அதனால் ஒரே நாளில் மூன்று முறை எழுதிப் பார்ப்பதைவிட இன்று ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை என்று விட்டுவிட்டு எழுதுங்கள். பாடத்தின் முதல் பக்க மூலையில் பென்சிலால் தேதியைக் குறித்துக்கொண்டால் போதும். வண்ண வண்ணமாகக் கால அட்டவணை தயாரிப்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம்.

இனி திறனறித் தேர்வு. இதற்குத் தனி மூளை வேண்டும் என்று பலர் பயமுறுத்துவார்கள். என் அக்கா மகளுக்குச் சென்ற ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தபோது நான் கண்டது வேறு. மணி 3.15 ஆகும்போது கடிகார முட்களுக்கு இடையே உள்ள கோணம் என்ன என்று ஒரு கேள்வி. அவள் உடனே பூஜ்ஜியம் என்றாள். இரண்டு முட்களும் மூன்றில்தானே நிற்கும் என்பது அவள் வாதம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்து, மூன்று மணியிலிருந்து மெதுவாகத் திருப்பச் சொன்னேன். பெரிய முள் மூன்றுக்கு வந்தபோது சின்ன முள் மூன்றைத் தாண்டிச் சற்று நகர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே சொன்னாள்: “மாமா, ஒரு மணிக்கு 30 டிகிரி என்றால் கால் மணிக்கு ஏழரை.” அதற்குப் பிறகு எந்தக் கடிகாரக் கணக்கிலும் அவள் தடுமாறவில்லை. அந்தக் கணக்குக்குத் தேவைப்பட்டது பள்ளியில் படித்த வட்டமும் விகிதமும் மட்டுமே. வித்தியாசம் என்னவென்றால், ‘இது விகிதக் கணக்கு’ என்று தலைப்பு போட்டு யாரும் தரவில்லை.

அந்தத் தலைப்பு இல்லாததுதான் பிள்ளைகளைத் திணறடிக்கிறது. பாடநூலில் ஒரு பயிற்சிக்குள் இருக்கும் இருபது கணக்குகளும் ஒரே முறையில் தீரும். எந்த முறை என்று யோசிக்கும் வேலையே இல்லை. தேர்விலோ எல்லாம் கலந்து வரும். 2007-ல் ரோரர், டெய்லர் என்ற இருவர் கன அளவுக் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகை வகையாகவும் இன்னொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகை வகையாகச் செய்தவர்களே நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் கலந்து செய்தவர்கள் 63 சதவீதம், மற்றவர்கள் 20. எனவே வாரத்தில் இரண்டு நாள், வெவ்வேறு பாடங்களிலிருந்து பத்துக் கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துச் செய்யுங்கள். இரண்டு தேர்வுக்குமான தயாரிப்பு ஒன்றாகச் சேரும் இடம் இது.

இன்னொன்று, பிழை நோட்டு. அக்கா மகள் மாதிரித் தேர்வுகளில் செய்த தவறுகளை எல்லாம் ஒரே நோட்டில் எழுதவைத்தேன். பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும்: தெரியாதது, தெரிந்தும் கணக்கில் சறுக்கியது, கேள்வியைத் தவறாகப் படித்தது. மூன்று தேர்வு முடிந்து எண்ணிப் பார்த்தால் 23 தவறுகளில் 11 கேள்வியைத் தவறாகப் படித்ததால் வந்தவை. ‘பொருந்தாதது எது’ என்று கேட்டால் பொருந்துவதைக் குறித்திருந்தாள். அதுவரை புதிய பாடங்களைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து ‘அல்லாத’, ‘பொருந்தாத’, ‘தவறான’ என்ற சொற்களைப் பென்சிலால் வட்டமிடத் தொடங்கினாள். வேறு எதையும் மாற்றவில்லை. அடுத்த தேர்வில் அந்த வகைத் தவறு இரண்டாகக் குறைந்தது.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா என்பதை முதலிலேயே அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். குறைப்பு இல்லையென்றால் ஒரு கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது. நான்கு விடைகளில் ஒன்று சரி, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைப்பு என்றால், கண்ணை மூடிக் குறிப்பதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது, துணிந்து குறிக்கலாம். 90 நிமிடத்தில் 90 கேள்வி என்றால் எந்தக் கேள்வியிலும் மூன்று நிமிடம் உட்காராதீர்கள். முதல் சுற்றில் தெரிந்ததை முடித்துவிட்டு, குறியிட்டுத் தள்ளிவைத்ததை இரண்டாம் சுற்றில் பாருங்கள். கேள்வியைத் தாண்டும்போது, வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். தாளிலும் அதே வரிசையைத் தாண்டினோமா என்று பார்ப்பது முக்கியம். ஒரு வட்டம் தவறினால் அடுத்தடுத்து எல்லாம் தவறும்.

பொதுத்தேர்வுக்கு வேறொரு பழக்கம் வேண்டும், அது கை. மூன்று மணி நேரம் விடாமல் எழுதிய அனுபவம் பெரும்பாலானவர்களுக்கு முதல் முறையாகத் தேர்வு அறையில்தான் கிடைக்கிறது. இரண்டு மணி நேரம் தாண்டியதும் விரல்கள் வலிக்கும், எழுத்து கோணும், படத்துக்குப் பாகம் குறிப்பது மறந்துபோகும். பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை வைத்து, இடையில் எழுந்திருக்காமல் மாதம் இரண்டு முறையாவது முழுத் தேர்வாக எழுதுங்கள். கணக்கில் சூத்திரம், மதிப்பைப் பதிலிட்டது, விடை, அலகு என ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள். கடைசி விடை தப்பினாலும் படிநிலைக்கு மதிப்பெண் கிடைக்கும்.

தூக்கத்தை வெட்டாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். படித்தது நினைவில் நிலைபெறுவது தூக்கத்தில்தான் பெருமளவு நடக்கிறது. இரவு இரண்டு மணிவரை விழித்துப் படித்துவிட்டுக் காலையில் எழுதப் போவது, நட்ட நாற்றை மறுநாளே பிடுங்குவது போல.

ஐந்து மாதம் போதுமா என்று உங்களுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். போதும். முதல் மூன்று மாதம் பாடம் பாடமாக மூடி எழுதுங்கள், வார இறுதிகளைத் திறனறித் தேர்வின் கலவைக் கணக்குகளுக்கு வையுங்கள். அந்தத் தேர்வு முடிந்ததும் மிஞ்சும் வாரங்கள் முழுத் தேர்வுகளுக்கும் பிழை நோட்டுக்கும். இன்று இரவே உங்களுக்கு மிக நன்றாகத் தெரியும் என்று நினைக்கும் ஒரு பாடத்தை எடுத்து, திறக்காமல், ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எங்கே நின்றுபோனீர்கள் என்று கருத்துப் பகுதியில் சொல்லுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.